மாதவிடாய் நின்ற பிறகு ரத்தம், ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம் என்கிறார் அம்மா

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எழுதியிருக்கும் தங்கச்சிக்கு. நீங்கள் கேட்டிருப்பது இது: அம்மாவுக்கு 56 வயது. மாதவிடாய் நின்று நாலு வருஷம் ஆகிவிட்டது. இப்போது இரண்டு மாதமாக அவ்வப்போது ரத்தம் படுகிறது. டவுன் கிளினிக்கில் காட்டியதும் ஈப்போ பெரியாஸ்பத்திரிக்குக் கடிதம் கொடுத்துவிட்டார்கள். அங்கே பார்ப்பவர் ஆண் டாக்டர் என்று பக்கத்து வீட்டில் யாரோ சொன்னதிலிருந்து அம்மா போக மறுக்கிறார். "இது பழைய காலத்து வெட்கம்தானே? இல்லை, பெண்கள் நோய்க்கு உண்மையிலேயே பெண் டாக்டர்தான் நன்றாகப் பார்ப்பாரா?" என்று முடித்திருக்கிறீர்கள்.

பார்வைக்கு ஒரு கேள்வி, உள்ளே மூன்று இருக்கிறது. அம்மா கூச்சப்படுவது நியாயமா என்பது ஒன்று. டாக்டர் ஆணா பெண்ணா என்பதைப் பொறுத்து வைத்தியத்தின் தரம் மாறுமா என்பது இன்னொன்று. அம்மாவை என்ன சொல்லி ஈப்போவுக்குக் கூட்டிப்போவது என்பது நீங்கள் நேராகக் கேட்காத மூன்றாவது, ராத்திரி உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அதுதான் என்று நினைக்கிறேன். நான் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். மலேசியாவின் பேராக் மாநிலத்தில் அரசாங்கக் கிளினிக்குகளில் தாய் சேய்ப் பிரிவில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். பெண்களைப் பரிசோதிக்கும் அறையில் ஆண் டாக்டர்கள் பக்கத்திலும் நின்றிருக்கிறேன், பெண் டாக்டர்கள் பக்கத்திலும் நின்றிருக்கிறேன். ஆனால் நான் டாக்டர் இல்லை. அம்மாவுக்கு என்ன என்று இங்கே உட்கார்ந்துகொண்டு சொல்ல என்னால் முடியாது, சொல்லவும் கூடாது.

மூன்றாவதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதற்குத்தான் அவசரம். மாதவிடாய் நின்று ஒரு வருஷம் கழிந்த பிறகு வரும் எந்த ரத்தமும், சொட்டாக இருந்தாலும், ஒரே ஒரு தடவை வந்து நின்றுபோனாலும், பரிசோதித்துப் பார்க்க வேண்டிய ஒன்று. இதில் மருத்துவ உலகில் இரண்டு கருத்து கிடையாது. பயப்படுவதற்காகச் சொல்லவில்லை. இப்படி வருகிற பெரும்பாலான பெண்களுக்குக் காரணம் சாதாரணமாகத்தான் இருக்கும். ஹார்மோன் குறைந்து உள்தோல் மெலிந்து வறண்டுபோயிருக்கும், அல்லது கர்ப்பப்பைக்குள் சின்னச் சதை வளர்ந்திருக்கும். ஆனால் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு அது கர்ப்பப்பையின் உள்சுவரில் வரும் புற்றுநோயாக இருக்கிறது. அந்தப் புற்றுநோய் ரத்தத்தைக் காட்டித் தன்னைச் சீக்கிரமே வெளிப்படுத்திக்கொள்வதால், அந்த நேரத்தில் போனவர்களில் பெரும்பாலோர் அறுவை சிகிச்சையோடு பிழைத்துக்கொள்கிறார்கள். சர்க்கரையும் உடல் பருமனும் இருந்தால் ஆபத்து கூடும். மலேசிய இந்தியர்களிடையே சர்க்கரை எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியாததா? அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் இன்னும் தாமதிக்கவே கூடாது. பெண் டாக்டர் கிடைக்கும்வரை ஒரு வாரம், பத்து நாள் பொறுப்பது வேறு. தைப்பூசம் முடியட்டும், பேத்திக்குக் காதுகுத்து முடியட்டும் என்று மாதக்கணக்கில் தள்ளுவது வேறு.

சரி, இப்போது முதல் கேள்விக்கு வருகிறேன். அம்மாவின் கூச்சத்தைப் பழைய காலத்து வெட்கம் என்று தள்ளிவிடாதீர்கள். உடம்பில் யார் கை படலாம், யார் கண் படலாம் என்று முடிவு செய்வது அவர் உரிமை. படித்தவர், படிக்காதவர், கிழவி, குமரி என்ற வேறுபாடு இதில் இல்லை. இதைப் பற்றிப் பல நாடுகளில் பெண்களிடமே கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். எண்ணிக்கை நாட்டுக்கு நாடு மாறுகிறது, ஆனால் ஒரு போக்கு திரும்பத் திரும்ப வருகிறது. கணிசமான பெண்கள் "யாராக இருந்தாலும் பரவாயில்லை" என்கிறார்கள். விருப்பம் சொல்கிறவர்களில் பெரும்பாலோர் பெண் டாக்டரைத்தான் கேட்கிறார்கள். மதக் கட்டுப்பாடும் குடும்பக் கட்டுப்பாடும் இறுக்கமாக உள்ள சமூகங்களில் அந்த விருப்பம் கூடுகிறது. உங்கள் அம்மா விசித்திரமாக எதையும் கேட்டுவிடவில்லை.

இந்தக் கூச்சத்தை மதிக்காமல் வைத்தியத்தை மட்டும் நீட்டினால் என்ன ஆகும் என்பதற்கு நம் தமிழ் மண்ணிலேயே ஒரு கதை இருக்கிறது. 1890-களில் திண்டிவனத்தில் ஒரு அமெரிக்க மிஷனரி டாக்டர் இருந்தார். அவர் மகள் ஐடா ஸ்கடர் இளம்பெண்ணாக வீட்டில் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவத்தில் தவிக்கும் தங்கள் மனைவியைப் பார்க்க அவரைக் கூப்பிட்டார்கள். அவர் வைத்தியம் படிக்காதவர். அப்பாவைக் கூட்டிப்போங்கள் என்றார். ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவரும் திரும்பிவிட்டார்கள். விடிந்தபோது மூன்று பெண்களும் இறந்துவிட்டிருந்தார்கள். அதற்குப் பிறகுதான் ஐடா அமெரிக்கா போய் மருத்துவம் படித்து, 1900-ல் வேலூருக்குத் திரும்பிப் பெண்களுக்கு வைத்தியம் பார்க்க ஆரம்பித்தார். 1918-ல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். இன்றைய வேலூர் சிஎம்சி மருத்துவக் கல்லூரி அதிலிருந்து வந்ததுதான். வைத்தியம் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் அந்த மூன்று பெண்களுக்கும் கிடைக்கவில்லை. அங்கே முடிவெடுத்தவர்கள் கணவர்கள் என்பதையும் கவனியுங்கள். அந்தப் பெண்களிடம் யாரும் கேட்ட மாதிரித் தெரியவில்லை. உங்கள் வீட்டில் "ஆம்பிளை டாக்டர் வேண்டாம்" என்று சொல்வது அம்மாவா, அம்மா வாயால் அப்பாவா என்று கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள்.

நம் தோட்டங்களிலும் இது வேறு வடிவத்தில் நடந்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி என்றால் டிரெஸ்ஸர், அதாவது மருந்து கொடுத்துக் காயம் கட்டும் மருத்துவ உதவியாளர்தான் எல்லாம். அவர் ஆண். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கை வெட்டிக்கொண்டது என்றால் பெரட்டு என்ற காலை ஆள் கணக்கெடுப்பு முடிந்து நேராக அவரிடம் போவார்கள். வெள்ளைப்படுகிறது, சிறுநீர் அடக்க முடியவில்லை, மாதம் இரண்டு தடவை தீட்டு வருகிறது என்பதை அவரிடம் யார் சொன்னார்கள்? வயதான மருத்துவச்சி இருந்த தோட்டத்தில் அவரிடம் சொன்னார்கள். அவரும் இல்லாத இடத்தில் யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் அம்மா அந்த லயத்து வீடுகளில் வளர்ந்தவர் என்றால், பெண்கள் நோயை ஆணிடம் சொல்லும் பழக்கமே அவர் பார்த்ததில்லை.

ரத்த அழுத்தம் பார்க்க வரும் ஒரு அம்மா, பல வருஷம் பால்மரம் வெட்டியவர், எங்கள் கிளினிக்கில் எப்போதும் நாற்காலியின் ஓரத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் உட்காருவார். மூட்டு வலி என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஒருநாள் கூட்டம் குறைவாக இருந்தபோது கதவைச் சாத்திவிட்டு, "கீழே ஏதாவது இறங்கிட்டு இருக்காம்மா?" என்று மெதுவாகக் கேட்டேன். கண் கலங்கிவிட்டது. கர்ப்பப்பை இறங்கி வெளியே வந்து வருஷக்கணக்காகிவிட்டது. பழைய கைலியைக் கிழித்து, மடித்து, இடுப்போடு இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார், பால்வாளி சுமந்திருக்கிறார். துணி உரசி உரசித் தோல் புண்ணாகியிருந்தது. ஐந்து பிள்ளை பெற்று, விடியற்காலையிலிருந்து பாரம் தூக்கியவர்களுக்கு இது அபூர்வமான நோயே இல்லை. ஒரு வளையம் வைத்து ஏந்திப் பிடிக்கலாம், அல்லது அறுவை சிகிச்சை செய்யலாம். அவரை அனுப்பிய இடத்தில் பார்த்தவர் ஒரு சீன ஆண் டாக்டர். நான் கூடப் போய்த் தலைமாட்டில் நின்றேன். டாக்டர் முதலில் அந்த அம்மாவை எழுந்து உட்காரச் சொல்லி, வளையத்தைக் கையில் கொடுத்துத் தொட்டுப் பார்க்க வைத்தார். பிறகுதான் படுக்கச் சொன்னார். சில மாதத்துக்கு ஒருமுறை வளையத்தை மாற்ற வேண்டும். அப்புறம் அவர் தானாகவே பஸ் பிடித்துப் போய், அந்த டாக்டர் இருக்கிறாரா என்று கேட்டுத்தான் உட்காருவார்.

அதைச் சொல்லி உங்கள் அம்மாவும் பழகிவிடுவார் என்று நான் வாக்குக் கொடுக்கவில்லை. ஒருவருடைய அனுபவம் இன்னொருவருக்கு ஆதாரமாகாது. நான் கவனித்தது என்னவென்றால், ஒரு பெண் கதவைத் தாண்டி உள்ளே வருவாரா என்பதைத்தான் டாக்டர் ஆணா பெண்ணா என்பது பெரிய அளவில் தீர்மானிக்கிறது. உள்ளே வந்துவிட்ட பிறகு அவர் மறுபடியும் வருவாரா என்பதை டாக்டரின் கையும் வாயும் தீர்மானிக்கின்றன. பெண் டாக்டரிடம் போய் அழுதுகொண்டு வெளியே வந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். "நானும் பெத்தவதான், இதுக்கு இவ்வளவு கத்தணுமா?" என்று ஒரு பெண் சொல்லும்போது, ஆண் சொல்வதைவிட அது ஆழமாகக் குத்துகிறது. தனக்கு வலிக்காத இடம் எல்லோருக்கும் வலிக்காது என்று நினைத்துவிடும் ஆபத்து பெண்ணிடம் இருக்கிறது. தனக்குத் தெரியாது என்பதை அறிந்து கேட்டுக்கேட்டுச் செய்யும் ஆண்கள் இருக்கிறார்கள். கேட்காமல் செய்யும் ஆண்களும் இருக்கிறார்கள்.

இரண்டாவது கேள்வி, தரம். இதில் உறுதியாகச் சொல்ல முடிந்ததையும் முடியாததையும் பிரித்தே சொல்கிறேன். 1993-ல் அமெரிக்காவில் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வு, பெண் டாக்டர்களிடம் போகும் பெண்களுக்குப் பாப் ஸ்மியர் என்ற கர்ப்பப்பை வாய்ச் சோதனையும் மார்பக எக்ஸ்ரேயும் எடுக்கப்படுவது அதிகம் என்று காட்டியது. அந்த வித்தியாசம் பொது மருத்துவர்களிடம்தான் பெரிதாக இருந்தது. கேட்கக் கூச்சப்படுவது நோயாளி மட்டும் இல்லை, சில ஆண் டாக்டர்களும்தான் என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். 2002-ல் டெப்ரா ரோட்டர் என்ற ஆய்வாளரும் கூட இருந்தவர்களும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பொது வைத்தியத்தில் பெண் டாக்டர்கள் சராசரியாக 2 நிமிடம் கூடுதலாக நோயாளியோடு செலவிடுகிறார்கள், மனசைப் பற்றிக் கூடுதலாகப் பேசுகிறார்கள் என்று தெரிந்தது. ஆனால் மகப்பேறு, பெண்நோய்த் துறையில் மட்டும் இந்தக் கணக்கு திரும்பிவிட்டது. அங்கே ஆண் டாக்டர்கள்தான் நோயாளியின் உணர்ச்சிகளைப் பற்றி அதிகம் பேசினார்கள். நம்பிக்கையைச் சம்பாதித்தாக வேண்டும் என்று அந்த ஆண்களுக்குத் தெரிந்திருக்கலாம். இது என் ஊகம், ஆய்வு சொன்னது இல்லை.

அறுவை சிகிச்சை பற்றியும் ஒரு ஆய்வு இப்போது அடிக்கடி பேசப்படுகிறது. கனடாவின் ஒண்டாரியோ மாநிலத்தில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளைப் பார்த்ததில், பெண் அறுவை நிபுணர் செய்த பெண்களைவிட ஆண் அறுவை நிபுணர் செய்த பெண்களுக்குச் சிக்கல்கள் ஓரளவு கூடுதலாக இருந்தன. இதை அம்மாவிடம் சொல்லிப் பயமுறுத்தாதீர்கள். அதில் எலும்பு, இதயம், வயிறு என்று பல விதமான அறுவை சிகிச்சைகள் சேர்ந்திருக்கின்றன. ஏன் அந்த வித்தியாசம் என்று அந்தப் பதிவுகளை வைத்து நிரூபிக்கவும் முடியாது. பெரிய கூட்டத்தின் சராசரி ஒன்று, உங்கள் அம்மாவுக்கு எதிரே உட்காரப்போகும் ஒரு டாக்டர் வேறு. கர்ப்பப்பையின் உள்சுவரை ஸ்கேனில் அளக்கும் திறமை ஆணுக்குக் குறைவு, பெண்ணுக்குக் கூடுதல் என்று சொல்ல எந்த ஆதாரமும் நான் பார்த்ததில்லை. இத்தனை வருஷம் பக்கத்தில் நின்று பார்த்ததிலும் எனக்கு அப்படித் தோன்றியதில்லை.

இன்னொரு விஷயம், இதைப் பற்றி நம் ஆட்கள் வெளியே பேசுவதில்லை. அம்மா ஆணிடம்தான் கூச்சப்படுகிறாரா, தெரிந்தவரிடம் கூச்சப்படுகிறாரா என்று கண்டுபிடியுங்கள். எத்தனையோ தோட்டத்துப் பெண்கள் என்னிடம் "நம்ம தமிழ் டாக்டர் வேண்டாம் மிஸ்ஸி, கோயில்ல பார்ப்பாரு" என்றிருக்கிறார்கள். முன்பின் தெரியாத சீன டாக்டரோ மலாய் டாக்டரோ, ஆணாக இருந்தாலும், அவர்களுக்கு நிம்மதி. சிலர் அதே தோட்டத்திலிருந்து வேலைக்கு வந்த இளம் தாதியைக் கண்டு பயந்து, அவள் விடுப்பில் இருக்கும் நாளாகப் பார்த்து வருவார்கள். சின்ன ஊரில் ரகசியம் என்பது பெரிய சொத்து. அந்த வகையில் ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தள்ளி ஈப்போவுக்குப் போவதே அம்மாவுக்கு ஒரு வசதியாக இருக்கலாம். இதை நேராகக் கேட்டால் சொல்லமாட்டார். கறி நறுக்கும்போது, தலை சீவும்போது பேச்சோடு பேச்சாகக் கேளுங்கள்.

அப்புறம் மொழி. டாக்டர் பெண்ணாகவே இருக்கலாம், ஆனால் மலாயில் கேட்பார். அம்மாவுக்குச் சந்தையில் பேசும் மலாய் வரும். "எப்போதிலிருந்து, எவ்வளவு, என்ன நிறம், உறவுக்குப் பிறகு வருகிறதா" என்பதற்குப் பதில் சொல்லும் மலாய் வராது. அப்போது மொழிபெயர்க்கக் கூப்பிடுவது மகனையோ மருமகனையோ. ஒரு மகன் முன்னால் எந்தத் தாய் இதைச் சொல்வார்? "ஒன்றுமில்லை, கொஞ்சம்தான்" என்று முடித்துவிடுவார், டாக்டரும் அதைத்தான் எழுதிக்கொள்வார். ஆகையால் நீங்கள் கூடப் போங்கள். அண்ணன் கார் ஓட்டட்டும், வெளியே உட்காரட்டும். உங்களுக்கு முன்னாலும் அம்மா சொல்லத் தயங்கினால், தமிழ் தெரிந்த தாதி யாராவது இருக்கிறாரா என்று கவுண்டரில் கேளுங்கள். பேராக்கு ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் ஒருவராவது கிடைப்பார்.

பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்கலாமா? தாராளமாகக் கேட்கலாம். கவுண்டரில் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள், ஏனென்றால் மலாய்ப் பெண்கள் நாள்தோறும் கேட்கிறார்கள். உடலை அந்நிய ஆண் பார்க்கக் கூடாது என்பது அவர்கள் மார்க்கத்தில் முக்கியம், வேறு வழியில்லாதபோது ஆண் டாக்டரை ஏற்கவும் அதில் இடமுண்டு. அவர்கள் விருப்பத்தை வாய்விட்டுச் சொல்லி, கிடைத்தால் வாங்கிக்கொள்கிறார்கள். நம் பெண்கள் பலர் கேட்பதே இல்லை, பேசாமல் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். எனக்கு இதில் இன்றுவரை மனக்குறை உண்டு. அரசாங்க ஆஸ்பத்திரியின் பெண்நோய்ப் பிரிவில் ஒரே ஒரு டாக்டர் உட்கார்ந்திருப்பதில்லை. நிபுணர்கள், பயிற்சியில் உள்ளவர்கள் என்று ஒரு குழு இருக்கும், அதில் இப்போது பெண்கள் நிறையப் பேர். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தது அவர் போன நாளில் இருந்த டாக்டரை. ஆனால் கேட்டது கட்டாயம் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். அவசரத்தில், நள்ளிரவில், ஆள் குறைவான நாளில் யார் கடமையில் இருக்கிறாரோ அவர்தான். பிரசவ அறைக்கும் இதுவே. பயிற்சி டாக்டர்கள், ஆணானாலும் பெண்ணானாலும், அந்தப் பிரிவில் சில மாதம் வேலை பார்த்தே ஆக வேண்டும்.

ஆண் டாக்டர்தான் வந்தார் என்றாலும் அம்மா தனியாக இருக்கப்போவதில்லை. இப்படிப்பட்ட பரிசோதனையின்போது துணைக்கு ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பது மலேசிய மருத்துவ மன்றம் டாக்டர்களுக்கு வகுத்துள்ள நடைமுறை. வழக்கமாக அது ஒரு பெண் தாதி. அவர் வராமல் டாக்டர் ஆரம்பித்தால், "மிஸ்ஸி வரட்டும்" என்று சொல்ல அம்மாவுக்கு முழு உரிமை உண்டு, பெண் டாக்டரானாலும் சொல்லலாம். மாணவர்கள் சுற்றி நின்றால் வெளியே போகச் சொல்லலாம், அதற்காக வைத்தியம் குறையாது. வலித்தால் நிறுத்தச் சொல்லலாம். இவற்றை முன்கூட்டியே அம்மாவுக்குச் சொல்லிவையுங்கள், உள்ளே போனதும் நம்மவர்களுக்கு வாய் அடைத்துவிடும்.

உள்ளே என்ன நடக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், தெரியாததுதான் பாதிப் பயம். முதலில் கேள்விகள். அப்புறம் திரைக்குப் பின்னால் உள்ளாடையைக் கழற்றிவிட்டு, கொடுக்கும் சாரோங்கைக் கட்டிக்கொண்டு படுக்க வேண்டும். முழங்காலை மடித்து அகற்றச் சொல்வார்கள், மேலே துணி இருக்கும். வாத்தலகு போன்ற ஒரு கருவியை மெதுவாக வைத்து கர்ப்பப்பையின் வாயைப் பார்ப்பார்கள். மாதவிடாய் நின்றவர்களுக்கு உள்தோல் வறண்டிருப்பதால் அது எரியலாம், சின்ன அளவுக் கருவியை எடுக்கச் சொல்லிக் கேட்கலாம். பிறகு உறை போட்ட ஒரு மெல்லிய ஸ்கேன் கருவியை உள்ளே வைத்துக் கர்ப்பப்பை உள்சுவரின் தடிப்பை அளப்பார்கள். அது 4 மில்லிமீட்டருக்குள் இருந்தால் புற்றுநோய்க்கு வாய்ப்பு மிகக் குறைவு. தடித்திருந்தாலோ, ரத்தம் திரும்பத் திரும்ப வந்தாலோ, வைக்கோல் போல மெல்லிய குழாயால் துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். அது தீட்டு வலி போலக் கொஞ்ச நேரம் சுருட்டிப் பிடிக்கும். முன்னாலேயே வலி மாத்திரை போட்டுக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், சிறுநீரகக் கோளாறோ வயிற்றுப் புண்ணோ இருந்தால் எல்லா மாத்திரையும் ஒத்துக்கொள்ளாது.

உங்களில் யாராவது "இப்போது தானே எடுத்துக்கொள்ளும் சோதனை வந்துவிட்டதே" என்று சொல்லக்கூடும். உண்மை, அது நல்ல செய்தியும்கூட. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு முக்கியக் காரணம் எச்பிவி வைரஸ். அதைக் கண்டுபிடிக்க ஒரு பஞ்சுக் குச்சியைப் பெண் தானே, திரைக்குப் பின்னால், உள்ளே விட்டுச் சுழற்றி எடுத்துக் கொடுத்தால் போதும். யாரும் தொட வேண்டியதில்லை, யாரும் பார்க்க வேண்டியதில்லை. மலாயாப் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலியர்களும் சேர்ந்து ஆரம்பித்த ரோஸ் திட்டம் இதைத்தான் செய்கிறது, முடிவைக் கைபேசிக்கே அனுப்புகிறார்கள். சுகாதார அமைச்சும் 2019 முதல் கட்டம் கட்டமாகக் கிளினிக்குகளில் இந்தச் சோதனையைக் கொண்டுவந்தது. ஆண் டாக்டருக்கும் பெண் டாக்டருக்கும் பயந்து ஒதுங்கியிருந்த பெண்களுக்கு இதைவிட நல்ல வழி வந்ததில்லை. 30 வயதுக்கு மேல் உள்ள உங்கள் அக்கா, அண்ணி, பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் சொல்லுங்கள். வழக்கமான பாப் ஸ்மியர் என்றாலும், கிளினிக்கில் அதை எடுப்பவர் பெரும்பாலும் பயிற்சி பெற்ற தாதிதான், பெண்தான். ஆனால் உங்கள் அம்மாவுக்கு இது போதாது. எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கான முன்சோதனை அது. ரத்தம் படுகிறவருக்கு அதில் நல்ல முடிவு வந்தாலும், கர்ப்பப்பைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று அது சொல்லாது.

பணம் இருந்தால் ஈப்போவில் தனியார் பெண் நிபுணரிடம் போகலாம், விரைவில் பார்ப்பார்கள். அதற்கு வசதி இல்லை என்றால் கடன் வாங்காதீர்கள். குடிமக்களுக்கு அரசாங்க நிபுணரிடம் கட்டணம் மிகக் குறைவுதான், அங்கே கிடைக்கும் வைத்தியத்தில் குறை எதுவும் இல்லை.

அம்மாவிடம் பேசும்போது "டாக்டருக்கு ஆம்பிளை பொம்பிளை எல்லாம் ஒன்றுதான்" என்று ஆரம்பிக்காதீர்கள். டாக்டருக்கு ஒன்றாக இருக்கலாம், அம்மாவுக்கு ஒன்றில்லை என்பதைத்தானே அவர் சொல்லிக்கொண்டிருக்கிறார். "பெண் டாக்டரைக் கேட்டுப் பார்க்கிறேன். கிடைக்காவிட்டால் மிஸ்ஸி பக்கத்தில் இருப்பார், நானும் தலைமாட்டில் நிற்பேன். நீங்கள் போதும் என்றால் அந்த நிமிஷமே நிறுத்தச் சொல்கிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னதை அங்கே அப்படியே செய்யுங்கள். முதல் நாள் பேச மட்டும் போகிறோம், பரிசோதனையை அன்றே ஏற்பதா வேண்டாமா என்பதை அங்கே போய் நீங்களே முடிவு செய்யுங்கள் என்று சொல்லியும் சிலரை நான் வரவழைத்திருக்கிறேன். வந்தவர்களில் பெரும்பாலோர் அன்றே ஒத்துக்கொண்டார்கள்.

நாளைக் காலையிலேயே கடிதத்தில் உள்ள எண்ணுக்குப் போன் போடுங்கள். தேதி எடுக்கும்போதே "பெண் டாக்டர் கிடைக்குமா, என் அம்மா கூச்சப்படுகிறார்" என்று மலாயில் கேட்டு, அதைக் கார்டில் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். "மாதவிடாய் நின்று நாலு வருஷம், இப்போது ரத்தம்" என்ற வார்த்தைகளைக் கட்டாயம் சொல்லுங்கள், அவர்கள் அவசரத்தை எடைபோடுவது அதை வைத்துத்தான். சில வாரத்துக்கு அப்பால் தேதி கொடுத்தால் கடிதம் எழுதிய டவுன் கிளினிக்குக்கே திரும்பப் போய், முன்னே போட்டுத் தரச் சொல்லுங்கள். அம்மா சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் ஒரு பையில் எடுத்துக்கொள்ளுங்கள், நாட்டு மருந்தும் சேர்த்து. ரத்தம் பட்ட தேதிகளை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். இதற்கிடையே ஒரு மணி நேரத்தில் ஒரு பேடு நனையும் அளவுக்குப் போனாலோ, அம்மாவுக்குத் தலைசுற்றினாலோ தேதி பார்க்காமல் நேராக அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள், அங்கே யார் இருந்தாலும் சரி.